கோணல் வீட்டில் எது வயசு, எது வியாதி? இங்கிலாந்து மரச்சட்ட வீட்டின் கோளாறுகளை அறிகுறி பார்த்துக் கண்டுபிடிக்க

சஃபோக், எசெக்ஸ், கென்ட், ஹெரிஃபோர்ட்ஷயர் கிராமங்களில் பழைய ஓக் மரச்சட்ட வீடு வாங்கியவர்களும் வாங்கப் போகிறவர்களும் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். தளம் சரிந்திருக்கிறது. சுவர் ஈரமாக இருக்கிறது. உத்திரம் வெடித்திருக்கிறது. மரத்தில் ஓட்டை. சர்வேயரின் அறிக்கை பக்கம் பக்கமாகப் பயமுறுத்தும். கொத்தனாரோ வந்து ஒரு நோட்டம் விட்டு, “சிமெண்ட் வைத்து அடைத்துவிட்டால் தீர்ந்தது” என்பார். இரண்டையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்த வீடுகளில் பார்வைக்குப் பயங்கரமாகத் தெரிவதில் பெரும்பகுதி வெறும் வயசு. மீதியில் பெரும்பகுதி, போன நூறு ஆண்டில் யாரோ நல்லெண்ணத்தோடு செய்துவைத்த பழுதுபார்ப்பு. ஆகவே கீழே சொல்லும் தீர்வுகளில் பல, எதையாவது புதிதாகச் சேர்ப்பதைவிட ஏற்கெனவே சேர்த்ததைக் கழற்றுவதாகவே இருக்கும்.

முதலில் எலும்புக்கூடு

ஏறத்தாழ 1400 முதல் 1650 வரை கட்டிய வீடுகளை மனத்தில் வைத்து எழுதுகிறேன். கல்லிலோ செங்கல்லிலோ தாழ்வான ஒரு பீடம். அதன்மேல் படுக்கைவாட்டில் ஓக் அடிச்சட்டம். அதில் ஊன்றிய தூண்கள், தூண்களுக்கு நடுவே மெல்லிய நிலைச்சட்டங்கள், உச்சியில் சுவரின் நீளத்துக்கு ஓடும் மேல்சட்டம். எதிரெதிர்ச் சுவர்களை இழுத்துப் பிடிக்கும் குறுக்கு விட்டம். மூலைகளில் வளைந்த முட்டுச்சட்டம். மேலே கைமரங்கள். எல்லாம் கழுந்தும் (சட்டத்தின் நுனியில் செதுக்கிய நாக்கு) துளையுமாகக் கோத்து, ஓக் முளை அடித்து இறுக்கியவை. இந்தச் சட்டகத்தில் இரும்பு ஆணிக்கு வேலை மிகக் குறைவு. சட்டங்களுக்கு நடுவே உள்ள கட்டங்களில் ஓக் குச்சிகளை நிறுத்தி, ஹேசல் விளார்களைப் பின்னி, களிமண்ணோடு வைக்கோலும் சாணமும் மிதித்துக் குழைத்து அப்பி, மேலே சுண்ணாம்பு அடிப்பார்கள். வரிச்சுக் கட்டிய மண்சுவரைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் வியப்பு ஒன்றும் இராது.

இதிலிருந்து மூன்று செய்திகளை எடுத்துக்கொள்ளுங்கள்; நோய் கண்டுபிடிக்க இவையே அடிப்படை. சுமை முழுவதையும் தாங்குவது சட்டகம், நடுவில் உள்ள மண் கட்டம் வெறும் அடைப்பு. எனவே கட்டத்தில் வரும் விரிசல் சின்ன விஷயம், மரப் பொருத்து வாய் திறப்பது பெரிய விஷயம். அடுத்தது, தச்சர்கள் ஓக்கை வெட்டிய சூட்டோடு பச்சையாகவே இழைத்து நிறுத்தினார்கள். அது வீடாக நின்றுகொண்டுதான் காய்ந்தது, சுருங்கியது, முறுக்கியது. மூன்றாவது, இந்தச் சுவர் தண்ணீரை உள்ளே விடாமல் தடுக்கும் சுவரே கிடையாது. மழையில் கொஞ்சம் குடிக்கும், காற்று அடித்தால் திருப்பிக் கொடுத்துவிடும். அந்தத் திருப்பிக் கொடுக்கும் வழியை யார் அடைத்தாலும் வினை அங்கே தொடங்குகிறது.

ஆரோக்கியமான சட்டகம் எப்படி இருக்கும் என்று கண்ணால் பார்க்க வேண்டுமானால் மேற்கு சசெக்ஸில் சிங்கிள்டன் ஊரில் இருக்கும் வீல்டு அண்டு டவுன்லாந்து அருங்காட்சியகத்துக்குப் போய் வாருங்கள். கென்டில் பௌ பீச் நீர்த்தேக்கத்துக்காக இடம் விட்டுக் கொடுக்க வேண்டியிருந்த பேலீஃப் என்ற 15ஆம் நூற்றாண்டுப் பண்ணை வீட்டைப் பிரித்து, கொண்டுவந்து, அங்கே மறுபடி கோத்து நிறுத்தியிருக்கிறார்கள். பிரித்துக் கோக்க முடிந்தது என்பதிலேயே இந்தக் கட்டுமானத்தின் குணம் தெரிந்துவிடும்.

கைவசம் ஒரு டார்ச், ஒரு மெல்லிய ஊசியுளி, பென்சில், மரத்துக்கான ஈரமானி இருந்தால் போதும். இவற்றைவிட மேலான கருவி ஒன்று உண்டு: கொட்டும் மழை. குடையைப் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி மெதுவாக நடந்து, தண்ணீர் எங்கே விழுகிறது, எங்கே தெறிக்கிறது, எங்கே தேங்குகிறது என்று பாருங்கள். ஓர் அரைமணி நேரத்தில் பாதி நோய் பிடிபட்டுவிடும்.

“மாடியில் பென்சிலை வைத்தால் உருண்டு ஓடுகிறது”

எல்லாரும் முதலில் பயப்படுவது இதற்குத்தான். சஃபோக்கின் லாவனம் ஊரில் கோணல் வீடு என்றே பெயர் பெற்ற ஒரு வீடு நூற்றாண்டுகளாகக் கோணலாகவே நிற்கிறது, ஆளும் புழங்குகிறார்கள். கோணல் ஒரு தகவல் மட்டுமே. அது எப்போது நடந்தது, இன்னும் நடக்கிறதா என்பதே கேள்வி.

வீட்டிலேயே சாட்சி இருக்கிறது. கதவைப் பாருங்கள். சரிந்த நிலைக்கு ஏற்றபடி கதவின் தலையைச் சாய்வாக அறுத்துப் பொருத்தியிருந்தால், அந்தக் கதவு செய்த காலத்திலேயே வீடு சரிந்துவிட்டது என்று பொருள். கதவின் கீல் 18ஆம் நூற்றாண்டுப் பாணியில் இருந்தால் அந்தச் சரிவுக்கும் அவ்வளவு வயசு. விரிசலுக்குள் டார்ச் அடியுங்கள். உள்ளே பழைய சுண்ணாம்பும் ஒட்டடையும் தூசியும் இருந்தால் பழசு, விளிம்பு கூர்மையாக, உள்ளே வெள்ளையாக இருந்தால் புதுசு. போன முறை பெயிண்ட் அடித்த கோடு நடுவில் பிளந்திருக்கிறதா என்பதும் நல்ல சாட்சி.

சரிவு எந்தத் திசையில் என்பதும் கதை சொல்லும். தளம் புகைபோக்கிக்கு எதிர்ப்பக்கமாக இறங்கினால், செங்கல் அடுக்கு அசையாமல் நிற்க, அதைச் சுற்றியுள்ள மரச்சட்டகம் மட்டும் தாழ்ந்திருக்கிறது; நேராக வெளிச்சுவரின் அடிச்சட்டத்தைப் போய்ப் பாருங்கள், அநேகமாக அது இற்றிருக்கும். புகைபோக்கியை நோக்கி இறங்கினால், பிற்காலத்தில் நுழைத்த அந்தக் கனத்த செங்கல் அடுக்குக்கு அஸ்திவாரம் போதாமல் அதுவே உட்கார்ந்திருக்கலாம். மாடி தெருவை நோக்கி வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும் வீடுகளில் அந்த முன்தள்ளிய பகுதி மட்டும் சற்றே தொங்குவது சகஜம்.

நடக்கும்போது தளம் அதிர்கிறது என்பதும் இதே வகை. அக்காலத் தச்சர்கள் தளக்கட்டைகளை இன்று போல் நெட்டுக்குத்தாக நிறுத்தாமல் அகலவாட்டில் படுக்கவைத்தார்கள். கட்டை பெருத்திருந்தாலும் துள்ளும். துள்ளுவதால் முறியாது, கட்டையின் நுனி விட்டத்துக்குள் இறங்கும் இடம் மட்டும் நலமாக இருக்கிறதா என்று ஊசியுளியால் குத்திப் பார்த்துவிடுங்கள்.

சரி, உண்மையில் கவலைப்பட வேண்டியது எது? மாடியறைக்குப் போய், குறுக்கு விட்டம் எங்கே என்று தேடுங்கள். பல வீடுகளில் அது நெஞ்சு உயரத்தில் அறையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். வழியை மறிக்கிறது என்று யாரோ ஒருவர் நடுவில் அறுத்து வாசல் வைத்திருப்பார். கூரையின் பாரம் சுவர்களை வெளியே தள்ளிக்கொண்டே இருக்க, அதை இழுத்துப் பிடிப்பது அந்த விட்டம். அது போனால் மேல்சட்டம் வெளியே குனியத் தொடங்கும், தூணின் தலையில் உள்ள பொருத்து வாய் திறக்கும், முளை முறியும். தூண் தலை, மேல்சட்டம், விட்டம் மூன்றும் சந்திக்கும் மூலையில் புதிய வெளிர் நிற மரம் தெரிகிறது என்றால் பொருத்து அண்மையில் நகர்ந்திருக்கிறது. அதற்குக் கட்டமைப்புப் பொறியாளர் வேண்டும்; அதுவும் பழங்கட்டட அங்கீகாரம் பெற்றவராக. புதுக்கட்டடங்களை மட்டும் பார்த்தவர் கணக்குப் போட்டுவிட்டு “இது நிற்கவே முடியாது” என்பார், அது 500 ஆண்டாக நின்றுகொண்டிருக்கும்போதே.

நகர்கிறதா என்று தெரியவில்லை என்றால் விரிசலின் குறுக்கே அளவுகோல் ஒட்டி, குறைந்தது 12 மாதம் குறித்து வாருங்கள். தென்கிழக்கு இங்கிலாந்தின் களிமண் கோடையில் சுருங்கும், குளிரில் ஊதும். வேகமாகத் தண்ணீர் உறிஞ்சும் மரம் அருகில் இருந்தால் அது இன்னும் கூடும். ஆகஸ்டில் திறந்த விரிசல் பிப்ரவரியில் மூடிக்கொண்டால் அது மூச்சு விடுகிறது, அவ்வளவுதான். ஒரே திசையில் வளர்ந்துகொண்டே போனால் தாமதிக்க வேண்டாம்.

தீர்வில் ஒரே ஓர் எச்சரிக்கை. ஜாக்கி வைத்து வீட்டை நிமிர்த்தித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வாசலைக் காட்டுங்கள். நூற்றாண்டுகளாகக் கோணலில் காய்ந்து இறுகிய மரம் நேரானால் கழுந்து முறியும், மண்கட்டங்கள் உதிரும். இருக்கும் நிலையிலேயே பிடித்து நிறுத்தத் துருப்பிடிக்காத எஃகுப் பட்டையோ கம்பியோ போதும்.

“உத்திரத்தில் நீளமாக வெடிப்பு, விரல் நுழைகிறது”

பச்சை ஓக் காயும்போது குறுக்கே சுருங்கும். நீளவாட்டில் ஏறக்குறைய சுருங்குவதில்லை. மேற்புறம் முந்திக் காய்ந்து உள்வைரம் (மரத்தின் கடினமான நடுப்பகுதி) பின்தங்குவதால் நார் ஓடும் திசையிலேயே வெடிக்கிறது. விட்டுவிடுங்கள். பசை, புட்டி எதுவும் வேண்டாம். இரண்டு விலக்கு: நாருக்குக் குறுக்கே ஓடும் முறிவு, வெளிச்சுவரில் வானத்தைப் பார்த்து வாய் திறந்திருக்கும் வெடிப்பு. முதலாவதற்குப் பொறியாளர். இரண்டாவதில் மழைத்தண்ணீர் நின்று உள்ளே போகும். ஓக் சிம்பு செதுக்கி இறக்கி, தண்ணீர் வழிந்தோடும்படி சாய்த்துவிட வேண்டும்.

“சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறது”

மரமும் மண்ணும் வெவ்வேறு வேகத்தில் அசைகின்றன; இடுக்கு விழத்தான் செய்யும். குளிர்காற்று வரும், மேற்கிலிருந்து அடிக்கும் சாரலும் வரும். இந்த இடத்தில்தான் பெரும்பாலானோர் இடுக்கை அடைக்கும் சிலிக்கான் பசையோடு கிளம்புகிறார்கள். சிலிக்கான் ஒரு பக்கம் ஒட்டும், மறுபக்கம் ஒருநாள் விடும். விட்ட மயிரிழை இடுக்கில் நுழையும் தண்ணீர் வெளியே வர வழியின்றி மரத்தின் ஓரத்திலேயே உட்கார்ந்துகொள்ளும். வெளியே ஒன்றும் தெரியாது. சில ஆண்டு கழித்து ஊசியுளி கைப்பிடிவரை இறங்கும்.

செய்ய வேண்டியது எளிது. சிலிக்கானைச் சுரண்டி எடுங்கள். உள்ளே செம்மறியாட்டு ரோமத்தைத் திணியுங்கள். வெளி விளிம்பில் மயிர் கலந்த சுண்ணாம்புச் சாந்தை அழுத்தி, மரத்தின் முகத்தைத் தாண்டாமல் நிறுத்துங்கள். சாந்து மரத்துக்கு வெளியே துருத்தினால் அந்த விளிம்பே தண்ணீரை ஏந்தி மரத்துக்குள் விடும். சில ஆண்டுக்கு ஒருமுறை இதைத் திரும்பச் செய்ய வேண்டும் என்பதையும் ஒப்புக்கொள்ளுங்கள்.

மண்கட்டத்தை எடுத்துவிட்டுச் செங்கல் அடுக்கியிருந்தால் இடுக்குத் தொல்லை கூடுதலாக இருக்கும். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் பல வீடுகளில் இப்படி மாற்றினார்கள், சில இடங்களில் மீன்முள் வடிவில் அழகாகவே அடுக்கியிருக்கிறார்கள். கனம் அதிகம், தண்ணீரையும் பிடித்து வைக்கும். ஆனாலும் அதுவும் இப்போது வரலாறு. மரம் கெடாதவரை கலைக்க வேண்டாம். செங்கல் இடுக்கில் சிமெண்ட் இருந்தால் அதை மட்டும் எடுத்துச் சுண்ணாம்பு வையுங்கள்.

“அடிச்சட்டத்தில் விரலை வைத்து அழுத்தினால் மெத்தென்று போகிறது”

இது வயசு இல்லை, வியாதி. மரச்சட்ட வீடு சாகிறது என்றால் பெரும்பாலும் காலிலிருந்துதான் சாகும்.

ஓக் வைரம் நீண்டகாலம் தாங்கும். ஆனால் மரத்தின் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டி அங்கேயே நின்றுவிட்டால் பூஞ்சைக்கு வழி திறந்துவிடும். எனவே மரம் ஏன் இற்றது என்று கேட்பதைவிட, ஏன் காயவில்லை என்று கேளுங்கள். வரிசையாகப் பாருங்கள். வெளியே தரைமட்டம் எங்கே இருக்கிறது? கிராமத் தெரு தார் மேல் தார் போட்டு உயர்ந்திருக்கும். தோட்டத்து மண்ணும் ஆண்டுதோறும் ஏறியிருக்கும். முன்பு முழங்கால் உயரம் இருந்த பீடம் இப்போது மண்ணுக்குள் போய், அடிச்சட்டம் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும். சுவரை ஒட்டிப் பூச்செடி வைத்து நாள்தோறும் நீர் ஊற்றுகிறார்களா? சுவர் ஓரமாகக் கான்கிரீட் நடைபாதை போட்டிருக்கிறார்களா? மழை அதில் விழுந்து தெறித்துச் சட்டத்தை நனைக்கும். பீடத்தின் மேல்விளிம்பில் சிமெண்ட் சரிவு வைத்திருக்கிறார்களா? அது மரத்துக்கும் பீடத்துக்கும் நடுவே ஒரு தொட்டியைக் கட்டி வைத்ததற்குச் சமம். கடைசியாகத் தலையை நிமிர்த்தி மழைக்குழாயைப் பாருங்கள். இலை அடைத்த ஒரு வளைவு, ஒரு தூணை அடிவரை தின்றுவிடும்.

முதல் வேலை தண்ணீரைத் திருப்புவது. மண்ணை அடிச்சட்டத்துக்குக் குறைந்தது 150 மில்லிமீட்டர் கீழே இறக்குங்கள். கான்கிரீட்டை உடைத்துச் சரளை போடுங்கள். சரளை வடிகால் தோண்டுவதானால் சுவரை விட்டுத் தள்ளி, அஸ்திவாரத்தின் அடிமட்டத்துக்குக் கீழே போகாமல் தோண்டுங்கள்; இந்த வீடுகளுக்கு அஸ்திவாரம் என்பது சில நேரம் ஒரு முழம் கல் மட்டுமே. மழைக்குழாயைச் சரிசெய்யுங்கள். அப்புறம் காத்திருங்கள். ஒரு கோடை காய்ந்தபின் உளியால் தட்டினால் மேலாக மக்கிய வெள்ளைப் பகுதி (வைரத்தைச் சுற்றிப் பட்டையை ஒட்டியுள்ள மென்மரம்) உதிர்ந்து, உள்ளே இரும்பு போல வைரம் நிற்பது அடிக்கடி நடக்கிற விஷயம். அப்படியானால் மரத்தைத் தொடவே தேவையில்லை.

உண்மையிலேயே போய்விட்டது என்றால் இற்ற பகுதியை மட்டும் வெட்டி, நல்ல மரத்தில் சாய்வொட்டுப் பொருத்துக் கொடுத்துப் புது ஓக்கைச் சேர்ப்பது தச்சர் வேலை. மேலே சுமையை முட்டுக் கொடுத்துத் தாங்கிவிட்டு, சிறு சிறு நீளமாகச் செய்வார்கள். உள்ளே போல்ட் வைத்தால் துருப்பிடிக்காத எஃகாக இருக்க வேண்டும். ஓக்கில் உள்ள துவர்ப்பு சாதாரண இரும்பை அரித்துவிடும், மரமும் நீலக்கறுப்பாகக் கறை பிடிக்கும். முழுச் சட்டத்தையும் மாற்றிவிடலாம், செலவு ஒன்றுதான் என்று சொல்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். இற்ற குழிக்குள் பிசினோ சிமெண்டோ ஊற்றி நிரப்புபவரிடம் இன்னும் எச்சரிக்கையாக.

“உள்சுவரில் ஓதம், பூச்சு உப்பிக்கொண்டு வருகிறது”

ஈரமானியைச் சுவரில் குத்திச் சிவப்பு விளக்கைக் காட்டி, துளையிட்டு ரசாயனம் செலுத்த வேண்டும் என்று விலைப்பட்டியல் நீட்டுபவர்கள் உண்டு. அந்தக் கருவி மரத்துக்காக அளவிடப்பட்டது. பூச்சில் உப்பு இருந்தாலே அது ஈரம் என்று கத்தும். மரச்சட்டச் சுவரில் ரசாயனத் தடுப்புப் போட ஒழுங்கான செங்கல் வரிசையே கிடையாது. பணம் மட்டும்தான் உள்ளே போகும்.

சுவரை விரல்முட்டியால் தட்டுங்கள். கணீரென்று கடினமாகக் கேட்டு, சில இடங்களில் வெற்றொலி கேட்டால் வெளியே சிமெண்ட் பூச்சு. 20ஆம் நூற்றாண்டில் சட்டகத்தின் மேல் கம்பிவலை அடித்து, கனமாகச் சிமெண்ட் பூசி, வழவழப்பான பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்துவிட்டார்கள். சட்டகம் அசைந்தால் சிமெண்ட் அசையாது, வெடிக்கும். மயிரிழை வெடிப்பில் தண்ணீர் நுழையும். ஆவியாகி வெளியேற வழியில்லாததால் கீழே இறங்கி அடிச்சட்டத்தில் தங்கும், இல்லையென்றால் உள்பக்கமாக வரும். நீங்கள் பார்க்கும் ஓதம் அதுதான். உள்ளேயும் ஜிப்சம் பூசி வினைல் பெயிண்ட் அடித்திருந்தால் சுவருக்கு இரண்டு பக்கமும் மூக்கைப் பொத்தியாயிற்று.

முழுவதையும் ஒரே நாளில் உடைக்காதீர்கள். ஒரு மூலையில், அடிச்சட்டத்துக்கு அருகே ஒரு சிறு சதுரத்தை மட்டும் அனுமதி வாங்கித் திறந்து பாருங்கள். மரம் நலமாக இருந்து, சிமெண்ட் இறுக்கமாகப் பிடித்திருந்தால் பிடுங்கும்போது மண்கட்டமும் சேர்ந்து வரும். அந்த நிலையில் வெடிப்புகளைப் பராமரித்துக்கொண்டு காத்திருப்பதே சில நேரம் புத்திசாலித்தனம். மரம் நனைந்திருந்தால் எடுத்தே ஆக வேண்டும். பிறகு பூசுவது மயிர் கலந்த சுண்ணாம்புச் சாந்து, மெல்லிய அடுக்குகளாக. மேலே நான்கைந்து கை சுண்ணாம்பு, ஒவ்வொரு முறையும் சுவரை நனைத்து அடிக்க வேண்டும். சுண்ணாம்பு காற்றிலிருந்து கரிமவாயுவை இழுத்து மெதுவாக இறுகுவது. 5 டிகிரிக்குக் கீழே வேலை செய்யக் கூடாது, உறைபனி பட்டால் பொரிந்து கொட்டும். இங்கிலாந்தில் ஏப்ரலுக்கும் செப்டம்பருக்கும் நடுவே முடிக்கப் பாருங்கள். அக்டோபர் கடைசியில் தொடங்கலாம் என்பவருக்கு வேறு வேலை கிடைக்கவில்லை என்று பொருள்.

மண்கட்டம் உடைந்திருந்தாலும் எறிய வேண்டாம். உதிர்ந்த பழைய மண்ணையே நனைத்து, புது வைக்கோல் சேர்த்து மிதித்தால் மறுபடி பயன்படும். இவ்வளவு எளிதாகத் திரும்ப எடுத்துப் பூசக்கூடிய சுவரைத் தூக்கியெறிந்துவிட்டு, நுரைப்பலகை வைப்பவர்களை எனக்குப் புரிவதே இல்லை.

“மரம் தெரியாமல் பூசியிருக்கிறார்கள், உடைத்து வெளியே காட்டலாமா?”

இது அறிகுறி அல்ல, ஆசை. பின்னால் வரும் பல அறிகுறிகளுக்கு இதுவே காரணம் என்பதால் இங்கே சேர்க்கிறேன்.

லாவனம் கில்டுஹாலை, அதாவது அந்த ஊரின் பழைய சங்க மண்டபத்தைப் பார்த்திருப்பீர்கள். 1529 வாக்கில் கட்டியது. நெருக்கமாக நிறுத்திய நேரான சட்டங்கள், செதுக்கல்கள். கம்பளித் துணி வியாபாரத்தில் கொழித்த ஊர் தன் பணத்தைத் தெருவுக்குக் காட்டிய விதம் அது. ஆனால் சஃபோக்கிலும் எசெக்ஸிலும் ஏராளமான சாதாரண வீடுகளைத் தொடக்கத்திலேயோ சற்றுப் பின்னரோ முழுதாகச் சுண்ணாம்பு பூசி மூடினார்கள். அந்தப் பூச்சிலேயே கொடியும் பூவும் அழுத்தி அலங்கரிப்பது அந்த வட்டாரக் கலை. கிளேர் ஊரில் இன்றும் நிற்கிறது. ஹெரிஃபோர்ட்ஷயரின் வெப்லி, பெம்பிரிட்ஜ் போன்ற ஊர்களில் நிலைமை வேறு, அங்கே சதுரக்கட்டச் சட்டகம் வெளியே தெரிவதே வழக்கம்.

உங்கள் வீடு எந்த வகை என்று மரமே சொல்லும். தெரியும் சட்டத்தின் முகத்தில் சீரான இடைவெளியில் சிறு ஆணித் துளைகளின் வரிசை இருந்தால் அங்கே ஒரு காலத்தில் மரப்பட்டி அடித்துப் பூசியிருந்தார்கள். சட்டங்கள் ஒல்லியும் குட்டையுமாக, பட்டையின் வளைவு கூட நீங்காமல் இருந்தால் யார் கண்ணுக்கும் காட்டுவதற்காக அவை நிற்கவில்லை. இப்படிப்பட்ட வீட்டைத் தோலுரித்தால் படத்துக்கு அழகாக இருக்கும். மழை ஒவ்வொரு பொருத்திலும் நுழையும்.

கறுப்பு வெள்ளை வேடமும் இதே கணக்குதான். மரத்துக்குத் தார் அடித்து, கட்டத்துக்கு வெள்ளை அடிப்பது பல வட்டாரங்களில் 19ஆம் நூற்றாண்டு மோகம். அதற்கு முன் ஓக் வெள்ளிச் சாம்பல் நிறத்தில் சும்மா விடப்பட்டிருக்கும், அல்லது கட்டத்தோடு சேர்த்து மரத்தின் மேலும் சுண்ணாம்பு ஓடியிருக்கும். கறுப்புப் பெயிண்ட் கொப்புளித்தால் உள்ளே ஈரம் மாட்டியிருக்கிறது. மேலே இன்னொரு கை அடிக்காதீர்கள். மணல்வீச்சு இயந்திரம் வைத்துச் சுத்தம் செய்யவும் விடாதீர்கள். தச்சரின் வாய்ச்சித் தடமும் குறிகளும் ஒரு பகலில் போய்விடும், திரும்ப வராது. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், அதையும் மறக்க வேண்டாம்.

“மரத்தில் ஓட்டை, கீழே பொடி, இரவில் டக்டக் சத்தம்”

ஓட்டையை அளந்து பாருங்கள். 1 முதல் 2 மில்லிமீட்டர் என்றால் சாதாரண மரவண்டு. அது ஓக்கின் வெள்ளைப் பகுதியை மட்டுமே விரும்பும், வைரத்தை அநேகமாகத் தொடாது. விட்டத்தின் ஓரத்தில் சல்லடைக் கண்ணாக இருந்தாலும் உள்ளே வலு குறையாது. 3 மில்லிமீட்டர் வட்டம் என்றால் டெத்வாட்ச் வண்டு. பூஞ்சை பட்டு இளகிய ஓக் வைரமே அதற்கு விருந்து. புழு மரத்துக்குள் பத்தாண்டு வரைகூட இருந்து தின்னும். வசந்தத்தில், ஏப்ரலிலிருந்து ஜூன்வரை, வளர்ந்த வண்டு தலையை மரத்தில் மோதித் துணையை அழைக்கும். அமைதியான இரவில் நோயாளிக்குக் காவலிருந்தவர்கள் இந்தச் சத்தத்தைச் சாவின் அழைப்பு என்று நம்பினார்கள். பென்சிலால் அதே தாளத்தில் தட்டினால் சில நேரம் பதில் தட்டு வரும். நோய் கண்டுபிடிக்க உதவாவிட்டாலும் ஆசைக்குச் செய்து பாருங்கள்.

வண்டு இப்போது இருக்கிறதா என்று அறிய, மார்ச்சில் ஓட்டைகளின் மேல் மெல்லிய தாளை ஒட்டிவிடுங்கள். ஜூலையில் தாளில் புது ஓட்டை இருந்தால் குடியிருக்கிறது. இல்லையென்றால் அந்த ஓட்டைகள் எந்த ராஜா காலத்தவையோ. அதைப் பார்த்து வீடு முழுக்க மருந்து தெளிக்கச் சொல்லி அறிக்கை எழுதுகிறார்கள். தெளித்த மருந்து மேல்தோலோடு நிற்கும். புழு ஆழத்தில் இருக்கும். நடுவில் வண்டைத் தின்னும் சிலந்திகள்தான் சாகும். கூரையில் வௌவால் இருந்தால் அரசுச் சட்டமும் குறுக்கே வரும், 1981ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றைப் பாதுகாக்கிறது.

மருந்தைவிட வேர்க்காரணத்தைப் பாருங்கள். டெத்வாட்ச் இருக்கும் இடத்தில் ஈரம் இருக்கிறது, அல்லது இருந்தது. விட்டத்தின் நுனி சுவருக்குள் போகும் இடம், கூரைப்பள்ளம், புகைபோக்கி ஓரம் இவற்றைத் தேடிக் கசிவை நிறுத்துங்கள். மரம் காய்ந்தால் வண்டுக் கூட்டம் தானாகத் தேயும். ஆண்டுக் கணக்காகும், அதற்குப் பொறுமை வேண்டும்.

பழுது என்று நினைத்து அழித்துவிடும் சில

கூரைக்குள் கைமரங்கள் கரிபிடித்துக் கறுத்திருந்தால் தீ விபத்து என்று பயப்பட வேண்டாம். புகைபோக்கி வருமுன் கூடத்தின் நடுவே தரையில் அடுப்பு எரிந்தது. புகை கூரை வழியே கசிந்து போனது. 16ஆம் நூற்றாண்டில்தான் பெரும்பாலான வீடுகளில் புகைபோக்கியும் நடுத்தளமும் நுழைந்தன. அந்தக் கரி உங்கள் வீட்டின் பிறப்புச் சான்றிதழ். துடைக்க வேண்டாம். கிழக்கு சசெக்ஸ் அல்ஃப்ரிஸ்டனில் உள்ள கிளர்ஜி ஹவுஸ் இப்படிப்பட்ட கூடவீடுதான்; பாரம்பரிய இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அறக்கட்டளை 1896இல் தன் முதல் கட்டடமாக அதை 10 பவுண்டுக்கு வாங்கியது.

உத்திரத்தில் எதுவும் செருகாத வெற்றுத் துளைகள் இருந்தால் ஊர்க்காரர்கள் “இது பழைய கப்பல் மரம்” என்பார்கள், கடலே பார்க்காத கிராமத்திலும். அங்கே முன்பு ஒரு தடுப்புச் சுவர் இருந்திருக்கும், அல்லது வேறொரு வீட்டின் மரத்தை எடுத்துப் போட்டிருப்பார்கள். சட்டத்தின் அடியில் சாய்சதுரத் துளைகள் வரிசையாக இருந்தால் அது கண்ணாடி இல்லாத காலத்துச் சன்னல். மரக்கம்பிகள் நின்ற இடம். பொருத்துகளில் செதுக்கிய ரோமன் எண்கள், தரையில் பிரித்துக் கோத்துப் பார்த்த தச்சர் எது எதோடு சேரும் என்று போட்ட குறிகள். அடுப்பின் மேல் விட்டத்தில் கண்ணீர்த்துளி போலக் கருகிய தடங்கள், விளக்குத் தவறிப் பட்டவையாகத் தோன்றும். பெரும்பாலும் தீமை அண்டாதிருக்க வேண்டுமென்றே சுட்டவை. இவற்றைத் தேய்த்துப் பாலிஷ் போட்டுவிட்டு வருந்துபவர்கள் நிறைய.

“வீடு குளிர்கிறது”

கூரைக்குள் நுரை தெளித்து அடைக்காதீர்கள். கூரை ஓடுகளும் கைமரமும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும், கசிவு தெரியாது, மரம் மூச்சுமுட்டும். பின்னாளில் வீட்டை விற்கும்போது கடன் கொடுப்பவர்களும் முகம் சுளிப்பார்கள். ஆட்டு ரோமம், மரநார்ப் பலகை, சுண்ணாம்போடு சேர்த்த சணல் இவை ஆவியை விடும். முதலில் சன்னல், கதவு, தளப்பலகை இடுக்குகளை மூடுங்கள், தடித்த திரை போடுங்கள். விறகடுப்பு வைக்க நினைத்து, கூரை வைக்கோலாக இருந்தால், புகைபோக்கியை ஒருவர் உள்ளே கேமரா விட்டுப் பார்த்துச் சொல்லாமல் தீ மூட்ட வேண்டாம்.

கையை வைக்குமுன்

1700க்கு முன் கட்டி, ஏறக்குறைய அதே உருவில் மிஞ்சியிருக்கும் வீடு அநேகமாகப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கும். பழங்கட்டடங்களைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஹிஸ்டாரிக் இங்கிலாந்தின் இணையப் பட்டியலில் ஊர்ப்பெயர் போட்டுப் பாருங்கள். பட்டியலில் இருந்தால் பாதுகாப்பு உள்ளே, வெளியே இரண்டுக்கும் பொருந்தும். வீட்டின் தன்மையை மாற்றும் வேலையை அனுமதியின்றிச் செய்வது 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முன்னாள் உரிமையாளர் செய்த வேலைக்கு உங்கள்மேல் வழக்கு வராது, ஆனால் திருத்தச் சொல்லும் அறிவிப்பு உங்கள் வாசலுக்குத்தான் வரும், அதற்குக் காலவரம்பும் இல்லை. எனவே வாங்குமுன், சிமெண்ட் பூச்சும் புதுச் சன்னலும் எந்த அனுமதியில் வந்தன என்று வழக்கறிஞர் மூலம் எழுத்தில் கேளுங்கள்.

வேலைக்கு ஆள் தேடும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எந்தச் சுண்ணாம்பு, ஏன்? தடுமாறுபவரை விட்டுவிடலாம். சந்தேகம் வந்தால் வடிவமைப்பாளர் வில்லியம் மோரிஸும் கட்டடக்கலைஞர் பிலிப் வெப்பும் 1877இல் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்திடம் ஆலோசனை கேட்கலாம். பழைய வேலை தெரிந்த தச்சர், கொத்தனார் யார் என்று உள்ளாட்சியின் பாதுகாப்பு அதிகாரியும் ஓரளவு வழிகாட்டுவார். எதையும் கழற்றுமுன் படம் எடுங்கள், ஒவ்வொரு மரத்துக்கும் சீட்டுக் கட்டி எண் போடுங்கள். கழற்றிய இற்ற துண்டுகளையும் உதிர்ந்த மண்ணையும் அதிகாரி வந்து பார்க்கும்வரை ஒரு தார்ப்பாயின் கீழ் உலர்வாக வையுங்கள். பல நேரம் புது மரத்தின் அளவும் சாந்தின் கலவையும் அதைப் பார்த்துத்தான் முடிவாகும்.